துலாவை விட்டு இறங்கிய கால்கள்

நீர்வேலியின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெய்யும் மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அதை மேலே கொண்டுவர ஆடுகால் நட்டு, அச்சுலக்கை பூட்டி, நெடுந்துலாவை ஏற்றினார்கள். துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஒருவர் அல்லது இருவர், கிணற்றடியில் நீர் மொள்ளும் பட்டையைப் பிடிக்க ஒருவர், வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிட ஒருவர். புகையிலையும் வாழையும் இந்தக் கூட்டுழைப்பில் வளர்ந்தன. பல கிணறுகள் பங்குக் கிணறுகள். காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டன, இறைப்பும் முறைவைத்து நடந்தது. துலாவின் வரலாறு, அதைச் சூழ்ந்து நின்ற ஆட்களின் வரலாறு.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் பரவியது. அது கூடிய தண்ணீரை விரைவாக இறைத்தது, அதனால் துலா தோற்றது என்பார்கள். துலா ஏன் ஒதுங்கியது என்பதற்கு அது போதும். ஏன் மீளவில்லை என்பதற்குப் போதாது. 1990இல் உள்நாட்டுப் போரினால் இலங்கையின் வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்டு, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரியதானது. ஒரு துளி எண்ணெயும் கேளாத துலாவுக்கு அதைவிட நல்ல காலம் வாய்க்காது. ஆனாலும் தோட்டங்கள் பழையபடி துலாவுக்குத் திரும்பிவிடவில்லை. மரத்தை மறுபடி நட்டுவிடலாம். ஆடும் துலாவில் கால் தவறாமல் நடக்கப் பழகியவர்கள் முதுமை அடைந்திருந்தார்கள், இளையவர்கள் படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் போயிருந்தார்கள். பழைய கணினி மொழிகள் சிலவற்றுக்கும் இதே கதிதான். 1959இல் உருவாகத் தொடங்கிய கோபோல், வங்கிக் கணக்குகளை இன்றும் பார்க்கிறது. எனினும் 2020 ஏப்ரலில் வேலையிழந்தோரின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்தவர்களைத் தன்னார்வலராக வரும்படி வெளிப்படையாக அழைக்க நேர்ந்தது. மொழி வேலை செய்துகொண்டிருந்தது, கற்க வருவோர்தான் நெடுநாளாகக் குறைந்திருந்தார்கள்.

துலா ஒழிந்தது நல்லதே என்பவர்களின் வாதம் கனமானது. மிதித்தவர்களில் பலர் சொந்த நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதை ஓர் இழப்பென்று எழுத என் கை வராது. அந்த உழைப்பு திரும்ப வேண்டாம். ஆனால் அந்த உழைப்போடு ஓர் அறிவும் போனது. துலா மெதுவாக இறைத்ததால் கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது. எந்தக் கிணறு எவ்வளவு தரும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது மிதித்தவருக்கும் பட்டை பிடித்தவருக்கும் நாளாந்த அனுபவம். இயந்திரம் அளவுக்கு மீறி உறிஞ்சும்போது அடியிலிருந்து உவர் மேலேறுகிறது. இன்று ஒருவர் தனியாக வந்து பொத்தானை அழுத்திவிட்டு வாழைக்குள் போய்விடலாம். நீர் அடிமட்டத்துக்கு இறங்கும்போது, போதும் நிறுத்து என்று சொல்லக் கிணற்றடியில் எவரும் நிற்பதில்லை.