இந்தியாவில் பழைய எஸ்டேட் மகிழுந்துகள்

எஸ்டேட் மகிழுந்து என்பது, செடான் வகை மகிழுந்தின் கூரையைப் பின்முனை வரை நீட்டி, பயணிகள் இருக்கும் பகுதியையும் சரக்கு வைக்கும் பகுதியையும் ஒரே அறையாக்கி, பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவைப் பொருத்திய ஊர்தி ஆகும். பிரித்தானியாவில் எஸ்டேட் என்றும் அமெரிக்காவில் ஸ்டேஷன் வேகன் என்றும் இது அழைக்கப்படுகிறது. இந்தியாவில் குறைந்த, நடுத்தர விலைகளில் விற்கப்பட்ட எஸ்டேட் வகைகள் அனைத்தும் உற்பத்தி நிறுத்தப்பட்டவை. எனவே, தம்மிடமுள்ள எஸ்டேட் தேய்ந்துபோன நிலையில் அதே வகையை மீண்டும் நாடுபவர், ஏறத்தாழ அதே வயதுடைய இன்னொன்றையே வாங்க வேண்டியுள்ளது. இத்தேர்வில் நிறுவனத்தின் பெயரைவிட உதிரிபாகங்களும் ஆவணங்களுமே முடிவைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

டாடா நிறுவனம் (அப்போது டெல்கோ) 1992இல் டாடா எஸ்டேட்டை வெளியிட்டது. சிறு சரக்கு ஊர்தியின் அடிச்சட்டத்தின் மேல் அமைந்த இது டீசலில் இயங்கியது. பின்னர் மாருதியின் பலேனோ ஆல்ட்யூரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், ஸ்கோடா ஆக்டேவியா காம்பி ஆகியவை வந்தன. ஃபியட்டும் பாலியோ குடும்பத்தில் எஸ்டேட் வடிவம் ஒன்றை விற்றது. 2004இல் டாடா இண்டிகோ மெரினா வந்தது. சென்னைக் கடற்கரையை நினைவூட்டும் பெயராயினும் இது புனேயில் உருவான ஊர்தி. 1999இல் வெளிவந்த மாருதி வேகன் ஆர் பெயரில் மட்டுமே வேகன். அது உயரமான சிற்றுந்து.

இவற்றுள் எதுவும் பெருமளவில் விற்கவில்லை. எஸ்டேட் பார்ப்பதற்குச் சவ ஊர்திபோல் இருக்கிறது என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுவதுண்டு. ஆனால் வரி விதிப்பே வலுவான காரணம் எனலாம். 2006ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோலாயின் 1200 கன செ.மீ., டீசலாயின் 1500 கன செ.மீ.க்கு மிகாத பொறியும் கொண்ட மகிழுந்துகளுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. மெரினாவின் 1405 கன செ.மீ. டீசல் பொறி இவ்வரம்புக்குள் இருந்தும், நீளம் அதைத் தாண்டியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இண்டிகோ செடானின் பின்பகுதியைச் சுருக்கி 2008இல் இண்டிகோ சிஎஸ் வெளியிடப்பட்டது. நீளமான பின்பகுதிக்காகவே வாங்கப்படும் எஸ்டேட்டில் அவ்வாறு வெட்ட இடமில்லை. 2025 செப்டம்பரில் சரக்கு மற்றும் சேவை வரி திருத்தப்பட்டபோதும் நான்கு மீட்டர் அளவுகோல் நீடித்தது.

குடும்பத்துடன் சுமையும் ஏற்ற விரும்பியோர் டொயோட்டா குவாலிஸ், இன்னோவா, மாருதி எர்டிகா போன்றவற்றுக்கு மாறினர். வோல்வோ வி90 கிராஸ் கண்ட்ரி (2017) போன்ற உயர்விலை எஸ்டேட்கள் சிறு எண்ணிக்கையில் விற்பனையாயின.

சென்னையில் பயன்பாடு

திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் எஸ்டேட்டுக்கு வசதியும் உண்டு, தொல்லையும் உண்டு. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுகள் தெருவை ஒட்டியே நிற்பதால் பெரும்பாலானவற்றில் வண்டி நிறுத்த இடமில்லை. இன்னோவாவைவிட அகலமும் உயரமும் குறைந்த எஸ்டேட், பின்னிருக்கையை மடக்கினால் துணிமூட்டை, சமையல் பாத்திரம், நீண்ட மரச்சாமான் ஆகியவற்றை ஏற்றிக்கொள்ளும். ஆனால் தெருவில் பின்னால் ஒட்டி இன்னொரு வண்டி நின்றுவிட்டால் பின்கதவைத் திறக்க முடியாது.

கடற்காற்று இங்கு தனிச் சிக்கல். உப்பு கலந்த ஈரம் இரும்பை விரைந்து அரிக்கும். பின்கதவின் கீழ்விளிம்பு, மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி, சக்கர வளைவுகள் ஆகியவற்றைக் கம்பளத்தை நீக்கிப் பார்க்க வேண்டும். புதிய வண்ணப்பூச்சு துருவை மறைக்குமே தவிர நிறுத்தாது.

2015 திசம்பர் வெள்ளத்திலும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான ஊர்திகள் நீரில் மூழ்கின. நீரை அழுத்திச் சுருக்க இயலாது. ஆதலால் உருளைக்குள் நீர் புகுந்த நிலையில் பொறியை இயக்கினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். இருக்கைப் பட்டையை முழுதும் வெளியே இழுத்தால், கழுவப்படாத உள்முனையில் சேற்றுக் கறை தென்படலாம். இருக்கைத் தண்டவாளத் துருவும், முகப்பு விளக்கினுள் படிந்த மண்கோடும் பிற அடையாளங்கள்.

உதிரிபாகங்கள்

பொறி, பற்சக்கரப் பெட்டி, தடை, முன்புறத் தொங்கமைப்பு போன்றவற்றில் பெரும்பகுதி, அதே குடும்பத்தின் செடானுடனோ சிற்றுந்துடனோ பொதுவானது. இண்டிகாவும் இண்டிகோவும் பெருமளவில் விற்றதால் மெரினாவின் பொறிக்கு உதிரிபாகம் தேடுவது எளிது. எஸ்டேட்டுக்கே உரிய பின்கதவு, பின்கண்ணாடி, கடைசிப் பக்கக் கண்ணாடிகள், பின்விளக்குகள் ஆகியவையே கிடைப்பதற்கு அரியவை. பின்புறம் இடிபட்ட எஸ்டேட் ஒன்று, பொறி நன்றாக இருந்தும், ஒரு கண்ணாடிக்காக மாதக்கணக்கில் நிற்கக்கூடும். எனவே முன்புறத்தில் பழுதுள்ள, பின்புறம் முழுமையாக உள்ள வண்டியே மேலான தேர்வு. இது வழக்கமான அறிவுரைக்கு நேர்மாறானது.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை புதிய உதிரிபாகங்களுக்கும், புதுப்பேட்டை பிரித்தெடுத்த பழைய பாகங்களுக்கும் பெயர்பெற்றவை. இரண்டும் திருவல்லிக்கேணியிலிருந்து எட்டும் தொலைவில் உள்ளன. வண்டியை வாங்கும் முன்பே இக்கடைகளில் பின்கண்ணாடியையும் பின்விளக்கையும் விசாரித்தல் நன்று.

பழைய பெட்ரோல் வகைகளில் எரிபொருள் குழாய்களையும் கவனிக்க வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும். அதற்கென உருவாக்கப்படாத ரப்பர்ப் பாகங்களைக் காலப்போக்கில் கெடுக்கும்.

பதிவும் பொறுப்பும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தப் பயன்பாட்டு மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டுகளைக் கடந்த மகிழுந்துகளுக்கு 2025 ஆகத்தில் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. மலிவாகக் கிடைக்கும் வண்டியின் விலையோடு இவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் ஊர்திகள் மீது 2015 முதல் வந்த கட்டுப்பாடுகளால் அங்கிருந்து பல வண்டிகள் பிற மாநிலங்களுக்கு விற்கப்பட்டன. வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28இல் தடையின்மைச் சான்றும், இங்கு மறுபதிவும், ஆயுள் வரியும் தேவை.

பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30 ஆகியவை பயன்படுகின்றன. ஒரே மாநிலத்துக்குள் எனில் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைத் தரகரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. 2007இல் விற்கப்பட்டுப் பல கை மாறிய மகிழுந்து ஒன்று 2009இல் விபத்தை ஏற்படுத்தியது. பதிவேட்டில் முதல் விற்பனையாளரின் பெயரே இருந்தது. இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வண்டி யாரிடம் இருக்கிறது என்பதன்று, யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதே உரிமையை முடிவு செய்யும் என்பது அதன் சாரம். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் வண்டியை ஒப்படைத்து இணையவழியில் தெரிவித்தால், அந்த வணிகரே உரிமையாளராகக் கருதப்படுகிறார்.

பழைய எஸ்டேட்டைப் பாகங்களுக்காக விற்பவருக்கும் இப்பொறுப்பு உண்டு. பிரித்தெடுக்கப்பட்ட வண்டியின் பதிவை ரத்து செய்யாவிட்டால், அதன் அடிச்சட்ட எண்ணும் உரிமையாளர் பெயரும் பதிவேட்டில் அப்படியே நீடிக்கும். சட்டத்தின் 55ஆம் பிரிவு, பயன்பாட்டுக்கு உதவாத ஊர்தியைப் பற்றி 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கப் பணிக்கிறது. பதிவுபெற்ற ஊர்தி அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் கிடைக்கும். இதற்குரிய வரிச்சலுகை புதிய ஊர்தி வாங்குவோருக்கே பொருந்தும். பழையதை வாங்குபவர் அச்சான்றிதழைப் பிறருக்கு விற்கலாம்.