எம்.ஆர்.எச்.எல் (சுண்டெலி மரபணு)

எம்.ஆர்.எச்.எல் என்பது சுண்டெலியின் விந்துசெல்லாக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் ஒன்று. இதிலிருந்து ஆர்.என்.ஏ உருவாகிறது, புரதம் உருவாவதில்லை. பெங்களூருவின் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் எம்.ஆர்.எஸ். ராவ் தலைமையிலான குழு இதைப் பற்றிய ஆய்வை 2004-இல் வெளியிட்டது.

அமைப்பு

குன்றல் பகுப்பில் இணைக் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இம்மாற்றம் அடிக்கடி நிகழும் ஓர் இடத்தை ஆராய்ந்தபோது இம்மரபணு தெரியவந்தது. இது 8ஆம் குரோமோசோமில், கிளைக்கோஜன் சிதைவுக்கு உதவும் பி.எச்.கே.பி மரபணுவின் 15ஆம் இன்ட்ரானுக்குள் (புரதக் குறியீடற்ற இடைப்பகுதிக்குள்) அமைந்துள்ளது. இதன் ஆர்.என்.ஏ சுமார் 2,400 நியூக்ளியோடைடுகள் நீளமுடையது. இடையில் இன்ட்ரான் இல்லாதது. செல்லின் உட்கருவிலேயே தங்குவது.

வெளிப்பாடு

சுண்டெலியில் விந்தணு உருவாக ஏறத்தாழ 35 நாட்கள் ஆகும். விந்து நுண்குழலின் ஓரத்திலுள்ள ஸ்பெர்மட்டோகோனியா செல்கள் பெருகி, குன்றல் பகுப்பில் நுழைந்து, 40 குரோமோசோம்களை 20 ஆகக் குறைத்துக்கொள்கின்றன. இறுதிக் கட்டத்தில் ஹிஸ்டோன் புரதங்கள் பெருமளவு விலக, புரோட்டமின் புரதங்கள் டி.என்.ஏவை இறுக்கிச் சுருட்டுகின்றன.

எம்.ஆர்.எச்.எல் ஸ்பெர்மட்டோகோனியாவில் மிகுதியாக வெளிப்படுகிறது. அங்கு பி68 என்னும் புரதத்துடன் சேர்ந்து 'வின்ட்' சமிக்ஞை வழியை அடக்கி வைக்கிறது. இந்த ஆர்.என்.ஏ குறைந்தால், பி68 உட்கருவை விட்டு வெளியேறி, வின்ட் வழியின் பீட்டா-கேட்டனின் புரதம் உட்கருவை அடையத் துணைபுரிகிறது. வின்ட் வழி செயல்படத் தொடங்குகிறது. வின்ட் சமிக்ஞையும் தன் பங்குக்கு எம்.ஆர்.எச்.எல் படியெடுத்தலை நிறுத்துகிறது. இவ்வாறு ஒன்றையொன்று தடுக்கும் இரண்டில் எது மேலோங்குகிறதோ, அதைப் பொறுத்தே செல் குன்றல் பகுப்பில் நுழைவது அமைகிறது. சாக்ஸ்8 மரபணுவின் மீதிருந்த தடை நீங்குவதும் இம்மாற்றத்தின் ஒரு பகுதி.

முக்கியத்துவம்

புரதம் தராத டி.என்.ஏ பகுதிகளைப் பயனற்றவை என ஒதுக்கிய காலம் உண்டு. ஒரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் இருந்துகொண்டே செல்லின் போக்கைத் தீர்மானிக்கும் எம்.ஆர்.எச்.எல், அக்கருத்தை மறுக்கும் வலுவான சான்று. மேலும், விந்தணு உருவாக்கத்தில் உரிய வேளையில் ஒரு மரபணு செயல்படுவது எவ்வளவு அவசியமோ, அடங்குவதும் அவ்வளவு அவசியம் என்பதை இது காட்டுகிறது. ஆண் மலட்டுத்தன்மையின் காரணங்களைத் தேடுவோர் புரத மரபணுக்களோடு இத்தகைய ஆர்.என்.ஏக்களையும் கவனிக்க வேண்டியுள்ளது.

விந்தகச் செல்களின் குரோமாட்டின் ஆய்வில் பல ஆண்டுகள் உழைத்த ராவ், 2010-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2023-இல் காலமானார்.