முதல் குண்டைச் சுட்ட குதிரை வீரர்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு மார்ன், வெர்தன் போர்கள் மனப்பாடம். காஸ்தோ என்ற ஊர்ப் பெயரை மட்டும் நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

பெல்ஜியத்தில் மோன்ஸ் நகருக்கு அருகே இருக்கும் கிராமம் அது. 1914 ஆகஸ்ட் 22 காலை அங்கே ஜெர்மன் குதிரை வீரர்கள் சிலர் தென்பட்டார்கள். பிரிட்டனின் நான்காவது ராயல் ஐரிஷ் டிராகூன் குதிரைப்படையினர் வாளை உருவிக்கொண்டு துரத்தினார்கள். எட்வர்ட் தாமஸ் என்ற சாதாரண வீரர் குதிரையை விட்டு இறங்கித் துப்பாக்கியால் சுட்டார். முதல் உலகப் போரில் ஐரோப்பிய மண்ணில் பிரிட்டிஷ் படை சுட்ட முதல் குண்டு அதுதான்.

பதுங்கு குழியும் முள்கம்பியும் வந்தபின் குதிரைக்கு வேலை குறைந்தது. தாமஸும் இயந்திரத் துப்பாக்கிப் படைக்கு மாறினார்; வீரப் பதக்கமும் பெற்றார்.

1918 நவம்பர் 11 அன்று போர் நின்றபோது, கனடியப் படையின் முன்னணிக் காவலர்கள் வந்து நின்றதும் அதே காஸ்தோவில்தான். சாலையின் இரு பக்கமும் இரண்டு நினைவுச் சின்னங்கள் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் நான்கு வருடம், லட்சக்கணக்கான உயிர்கள்!

தாமஸ் பிற்காலத்தில் பிரைட்டன் நகரில் சினிமா தியேட்டர் வாசலில் காவலராக வேலை பார்த்தார். 1939-இல் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் அடுத்த உலகப் போர் ஆரம்பித்தது. அவரைத் தாண்டிப் படம் பார்க்கப் போனவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும்?