இரத்த ஓட்டம் (உழிச்சில் என்னும் உடல்நீவல் பயில்வோர்க்கு)

இரத்த ஓட்டம் என்பது, இருதயத்தினின்று புறப்படும் இரத்தம் தமனிகள், தந்துகிகள், சிரைகள் ஆகியவற்றின் வழியே சரீரமெங்கும் பரவி மீண்டும் இருதயத்தையே அடையும் இடையறாத சுழற்சியாகும். வளர்ந்த மனிதரிடம் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதில் பாதிக்குச் சற்று மிகுதி பிளாஸ்மா என்னும் திரவம். எஞ்சியது பெரும்பாலும், ஏறக்குறைய 120 நாள் வாழும் சிவப்பணுக்கள். இச்சுழற்சியை வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவினார்.

தமனியில் இரத்தம் இருதயத்தின் அழுத்தத்தால் விரைய, சிரையிலோ அவ்வழுத்தம் மிகக் குன்றிவிடுவதால், தசைகளின் சுருக்கமும், சுவாசத்தின் இழுப்பும், பின்னோக்கி வழியாது தடுக்கும் வால்வுகளும் கூடியே அதனை மேலேற்றுகின்றன. கைகால்களை நுனியிலிருந்து இருதயம் நோக்கி நீவும் மேனாட்டு முறை இதனை அடியொற்றியது. ஆயுர்வேத எண்ணெய்த் தேய்ப்பாகிய அப்பியங்கமோ பெரும்பாலும் ரோமம் படியும் திசையில் செல்வது. முன்னது சிரையோட்டத்தையும் பின்னது வாத சமனத்தையும் முதன்மையாகக் கருதுவதால், ஒன்றை மற்றொன்றின் அளவுகோலால் அளத்தல் பொருந்தாது.

திருவனந்தபுரம் ஆயுர்வேதம், மேனாட்டு மருத்துவம் ஆகிய இரு மரபுகளுக்கும் உறைவிடம்: 1889இல் தோன்றிய ஆயுர்வேத பாடசாலை இன்று அரசு ஆயுர்வேதக் கல்லூரியாக விளங்குகிறது; ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் உருவான செயற்கை இருதய வால்வு 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பெற்றது.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வெம்மையும் கெண்டைக்கால் நோவும் காணின், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக் கூடுமாதலால், மருத்துவர் பரிசோதிக்கும்வரை உழிச்சில் செய்யலாகாது. உறைகட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைக்கக்கூடும்.