ஒரே ஓட்டை, நான்கு திருத்தங்கள்: லினக்ஸின் ‘டர்ட்டி கௌ’ வரலாறு (2005–2022)

இயங்குதளத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டது என்று செய்தி வந்தால், அந்த விவகாரம் அத்தோடு முடிந்ததாகவே பெரும்பாலோர் எண்ணுகிறோம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவக மேலாண்மைப் பகுதியில் இருந்த ஒரு பிழையின் வரலாறு இந்த எண்ணத்துக்கு எதிரான சான்று. 2005இல் அதைத் திருத்தினார்கள். சில நாள்களில் அத்திருத்தத்தையே விலக்கிக்கொண்டார்கள். 2016இல் மறுபடி திருத்தியபின், 2017இலும் 2022இலும் அது வேறு வடிவில் தலைகாட்டியது. ஒவ்வொரு திருத்தமும் எந்த அனுமானத்தின்மேல் நின்றது, அந்த அனுமானம் எப்படிச் சரிந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிழையின் வேர் ஒரு நல்ல உத்தியில் இருக்கிறது. பல நிரல்கள் ஒரே கோப்பைப் படிக்கும்போது கெர்னல் அதன் ஒரே பிரதியை நினைவகத்தில் வைத்து எல்லோருக்கும் காட்டும். அவற்றில் ஒன்று எழுத முற்பட்டால் மட்டும், அது தொடும் நினைவகத் துண்டை, அதாவது ‘பக்கத்தை’, தனியே நகலெடுத்து அதற்குக் கொடுக்கும். நூலகப் புத்தகத்தில் குறிப்பெழுத விரும்புகிறவருக்கு மூலத்தைத் தராமல் ஒளிநகல் எடுத்துக் கொடுப்பது போன்றது இது. ‘காப்பி ஆன் ரைட்’ எனப்படும் இந்த உத்தி 1970களின் தொடக்கத்தில் டெனெக்ஸ் இயங்குதளத்திலேயே இருந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பசுவைக் குறிக்கும் ‘கௌ’ கிடைக்கும். பக்கம் மாற்றப்பட்டதைக் காட்டும் குறிக்கு ‘டர்ட்டி பிட்’ என்று பெயர். ஓட்டையின் பெயர் இவ்வாறு அமைந்தது.

ஒரு நிரல் தனக்கு எழுத உரிமையில்லாத கோப்பைத் தனிப்பிரதியாக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, தன் நினைவகத்தையே கோப்பாகக் காட்டும் ‘புரோக்’ வழியாக அதில் எழுதுகிறது என்று கொள்வோம். பிழைத்திருத்தக் கருவிகளுக்காகக் கெர்னல் இதை அனுமதிக்கிறது. எழுத்து நகலில்தானே விழப்போகிறது. இந்த வேலை இரண்டு படிகளில் நடந்தது. முதலில் கெர்னல் நகலெடுக்கும். பிறகு, ‘நகல் தயார், இனிச் சரிபார்க்க வேண்டாம்’ என்ற கருத்தில் எழுத்துக் கோரிக்கைக்கான கொடியை இறக்கிவிட்டுப் பக்கத்தை மறுபடி தேடும். இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே அதே நிரலில் இணையாக ஓடும் இன்னோர் இழை ‘இந்தப் பக்கம் எனக்குத் தேவையில்லை’ என்று சொன்னால் நகல் போய்விடும். கொடி இறங்கிவிட்டதால் கெர்னல் தன் தேடலைப் படிப்பதற்கான தேடலாகவே கருதி மூலப்பக்கத்தை எடுத்துவரும். எழுத்தும் அதிலேயே விழும். முழு அதிகாரம் கொண்ட ‘ரூட்’ பயனருக்குச் சொந்தமான கோப்பைச் சாதாரணப் பயனர் மாற்றுவதற்கு இது போதும்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த இடைவெளியை 2005 ஆகஸ்டிலேயே கவனித்தார். எழுத்துக்காகக் கேட்கப்பட்ட பக்கத்தில் டர்ட்டி பிட் இருக்கிறதா என்று பார்த்தபின்பே அதை ஏற்பது என்பது அவருடைய தீர்வு. இன்று திரும்பிப் பார்த்தால் திசை சரியாகவே இருந்தது. ஆனால் ஐபிஎம் மெயின்பிரேம்களின் எஸ்390 கட்டமைப்பு அந்தக் குறியைப் பக்க அட்டவணையில் வைப்பதில்லை. நினைவகத்தின் ஒவ்வொரு பௌதிகப் பக்கத்தோடும் இணைந்த தனிச் சாவியில் வைக்கும். அந்த இயந்திரங்களில் புதிய சரிபார்ப்பு ஒருபோதும் நிறைவேறாது. ஆகவே திருத்தம் விலக்கப்பட்டு, மேலே சொன்ன கொடியிறக்கும் முறை அதன் இடத்துக்கு வந்தது. எஞ்சியிருந்த மோதல் அன்றைய கணினிகளில் ஏட்டளவில் மட்டுமே சாத்தியம் என்று கருதப்பட்டது. என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுதான்: ஒரு கட்டமைப்பின் வன்பொருள் வழக்கம் எல்லாக் கணினிகளின் பாதுகாப்பையும் தீர்மானித்தது.

அடுத்த பதினோரு ஆண்டுகளில் சூழல் இரண்டு வகையில் மாறியது. செயலிகளில் கருக்கள் பெருகின, நினைவக மேலாண்மை வேகம் பெற்றது. அரிதாக இருந்த மோதலை விரும்பிய நேரத்தில் நிகழ்த்த முடிந்தது. மறுபக்கம், எஸ்390இல் டர்ட்டி பிட்டை மென்பொருளிலேயே பராமரிக்கும் வசதி 2013இல் வந்த 3.9 பதிப்பில் சேர்ந்தது. பழைய தடை நீங்கிவிட்டது. ஆனாலும் 2005இல் கைவிட்டதை மீண்டும் எடுத்துப் பார்க்கும் வேலை யாருடைய பட்டியலிலும் இல்லை.

தாக்குகிறவர்கள் காத்திருக்கவில்லை. தன் சர்வருக்கு வரும் எச்டிடிபி போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்திருந்த பில் ஓஸ்டர், ஊடுருவலுக்குப் பயன்பட்ட நிரலை அந்தப் பதிவுகளிலிருந்து மீட்டெடுத்தார். 2016 அக்டோபரில் சிவிஇ-2016-5195 என்ற எண்ணுடன் ஓட்டை வெளியானது. 2007இல் வந்த 2.6.22 முதலான கெர்னல்கள் பாதிக்கப்பட்டவையாகக் கணக்கிடப்பட்டன. திருத்தத்தை எழுதியவர் டோர்வால்ட்ஸே. கொடியை இறக்குவதற்குப் பதில், நகலெடுத்தாயிற்று என்பதற்குத் தனிக்கொடி ஒன்றை ஏற்றி, அதோடு டர்ட்டி பிட்டும் இருந்தால்தான் எழுத விடுவது என்று அமைத்தார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாம் இதைச் சரியாகத் திருத்தவில்லை என்பதையும் எஸ்390 காரணத்தையும் மாற்றக் குறிப்பில் வெளிப்படையாக எழுதினார். லினக்ஸ் நிரல், மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ கருவிக்கு மாறியது 2005 ஏப்ரலில், அதனால் ஆகஸ்டின் பழைய மாற்றங்களையும் அவரால் எண்ணோடு சுட்ட முடிந்தது.

திருத்தம் எழுதப்பட்டது ஒரு நாளில் என்றால், அது பயனரைச் சேர்ந்தது வேறொரு நாளில். அதே கெர்னலில் ஓடும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பல நெடுங்காலம் பழைய பதிப்பிலேயே இருந்தன. 2017 செப்டம்பரில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் ‘ஸ்னியு’ என்ற தீநிரலைக் கண்டறிந்தது. டர்ட்டி கௌவைக் கொண்டு ரூட் அதிகாரம் பெற்ற அந்நிரலின் பாதிப்பு மிகுதியாக இருந்தது சீனாவிலும் இந்தியாவிலும்.

2016இல் வந்த புதிய சரிபார்ப்பு ‘டர்ட்டி பிட் இருந்தால் பக்கம் நகலெடுக்கப்பட்டது’ என்ற அனுமானத்தின்மேல் நின்றது. 2 எம்பி அளவுள்ள பெரும்பக்கங்களைக் கையாளும் பகுதி இதற்குக் கட்டுப்படவில்லை. வெறுமனே படிக்கத் தொட்டாலே அங்கே டர்ட்டி பிட் ஏற்றப்பட்டது. பிண்டெசி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 நவம்பரில் இதை வெளிப்படுத்தினர். கண்டபடி டர்ட்டி பிட் ஏற்றும் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. இம்முறை வட்டிலுள்ள கோப்புகளை மாற்ற முடியாததால் சேதம் குறைவு.

ஆனால் அனுமானம் அப்படியே நீடித்தது. 5.16 பதிப்புக்காகப் பகிர்வு நினைவகப் பகுதியில் செய்த ஒரு மாற்றம், எழுத உரிமையில்லாத பக்கங்களுக்கும் டர்ட்டி பிட் வைத்தது. பழைய ஓட்டை அந்தப் பகுதியில் மட்டும் திறந்துகொண்டது. 2022இல் ரெட்ஹாட்டின் டேவிட் ஹில்டன்பிராண்ட் இதைக் கண்டு, டர்ட்டி பிட்டை நம்பும் முறையையே அகற்றினார். ஒரு பக்கம் ஒரே நிரலுக்கு உரியது என்பதை நேரடியாகக் காட்டும் தனிக்குறி அப்போது கெர்னலில் வந்திருந்தது; அனுமதி அதன்படி வழங்கப்பட்டது. 2016இல் சேர்த்த தனிக்கொடியும் நீக்கப்பட்டது.

முதல் மூன்று திருத்தங்களும் அவசரத்தில் எழுதியவை என்று ஒதுக்குவது நியாயமாகாது. அவை வேறொன்றுக்காக உண்டான குறியை நகலெடுத்ததற்குச் சாட்சியாக வைத்தன. அக்குறியைக் கையாளும் மற்றப் பகுதிகளை எழுதியவர்களை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தவில்லை. நான்காவது திருத்தம் கேட்கவேண்டிய கேள்வியை நேராகவே கேட்டது. இந்த மாற்றப் பதிவுகள் அனைத்தும் கெர்னலின் கிட் களஞ்சியத்தில் எவரும் படிக்கத் திறந்திருக்கின்றன. இயங்குதளம் பயிலும் நம் மாணவர்கள் பாடநூலோடு சேர்த்து 2005 முதல் 2022 வரையான இவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டும்; ஆசிரியர்கள் இவற்றை வகுப்பில் நடத்த வேண்டும்.