வேங்கைவயலும் 500 மாணவர் வரம்பும்: பள்ளிச் சமூகப் பணியாளர் நியமனம் குறித்து

2022 டிசம்பர் இறுதியில், புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடித்துவந்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது. குழந்தைகள் நோய்வாய்ப்பட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை, உயர் நீதிமன்றம் நியமித்த ஒரு நபர் ஆணையம், 2025 ஜனவரியில் அவ்வூர்ப் பட்டியலினத்தவர் மூவர் மீதே குற்றப்பத்திரிகை, அதற்கெதிரான கொந்தளிப்பு என எல்லாம் செய்தியாயின. இடையே 2023இல் சிறுவர் நால்வருக்கு டி.என்.ஏ. பரிசோதனை நடத்த நீதிமன்றம் அனுமதி அளித்தது. ரத்த மாதிரி கேட்கப்பட்ட ஒரு சிறுவன் மறுநாள் வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருவான்? வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே தொடர்ந்து 'வரவில்லை' என்று விழுந்தால், வீட்டுக்குப் போய் விசாரிப்பது யார் பொறுப்பு?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவருடன் இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர்கிறார்கள். ஒருவர் பெண்ணாக இருந்தாக வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் குழந்தைக்குத் துணைநிற்க ஒருவரை அமர்த்தவும் வழியுண்டு. ஆனால் இவையெல்லாம் வழக்கு என்றான பின் கிடைக்கும் உதவிகள். வழக்கின் நிழல் மட்டும் விழுந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒருவரும் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கும் பரிந்துரை ஒன்று ஏற்கெனவே வந்திருக்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து, நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை நியமிக்கப் பரிந்துரைத்தது. சாதி, போதை, பாலியல் தொல்லை எல்லாவற்றையும் ஒருவர் பொறுப்பில் கொண்டுவந்த அந்தப் பரிந்துரையை வரவேற்கிறேன். வரம்பைத்தான் ஏற்க முடியவில்லை. புதுக்கோட்டையின் வானம் பார்த்த சிற்றூர்களில் உள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் அந்த எண்ணிக்கையின் அருகில்கூட வராதவை. வேங்கைவயல் போன்ற குடியிருப்புகளின் சிறு பிள்ளைகள் படிப்பது அத்தகைய பள்ளிகளில்தான். தலைக்கணக்கை அளவுகோலாக்கினால், பாதிப்பு மிகுந்த இடம் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும்.

ஆசிரியர்களே இந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். பாடம், 'எமிஸ்' என்னும் கல்வித் தகவல் தளப் பதிவு, தேர்தல் பணி ஆகியவற்றுக்கிடையே அது நடக்காது. தவிர, ஊர் இரண்டுபட்டுக் கிடக்கும்போது ஆசிரியரை எந்தத் தரப்பும் பொதுவானவராகப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1906-07இல் நியூயார்க், பாஸ்டன் நகரங்களில் பள்ளிச் சமூகப் பணி தொடங்கியபோது அதைச் செய்தவர்களை 'வருகை ஆசிரியர்' என்றே அழைத்தார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடப்பதே அவர்கள் வேலை. நமக்கும் அதுவே வேண்டும்: தலைமையாசிரியருக்குக் கட்டுப்படாமல், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கீழ், சில பள்ளிகளைச் சேர்த்து ஒரு பணியாளர். பிள்ளை சொல்வதைக் காவல்துறைக்கான தகவலாக அவர் கருதக் கூடாது. போக்சோ கட்டாயமாக்கிய புகார் மட்டுமே விலக்கு.

குற்றம் நடந்த ஊரின் பள்ளிக்கு, அங்கே எத்தனை பிள்ளைகள் படித்தாலும், முதல் நியமனம் போக வேண்டும். இந்நியமனத்துக்கான அரசாணை வெளிவரும்போது அன்னவாசல் ஒன்றியம் அதில் முதலிடம் பெற வேண்டும்.