வாயில் திறந்தவனும் சீட்டாடியவனும்

பாண்டியன் நெடுஞ்செழியனையும் தியோ கார்ட்ரைட்டையும் அருகருகே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு மலாயாவின் பத்தாங் காலியில் நடந்த படுகொலைதான் காரணம். முதலாமவன் சிலப்பதிகாரத்தின் மதுரை அரசன். மற்றவன் சாமர்செட் மாம் எழுதிய மலாயாக் கதையொன்றில் வரும் வெள்ளைக்காரன். இருவரும் ஓர் உயிர் போகக் காரணமானவர்கள். இரண்டு சாவுகளையும் சுற்றித் திருட்டு என்ற பேச்சு இருக்கிறது. பாண்டியன் தன் பிழை தெரிந்த கணத்தில் அரியணையிலேயே விழுந்து இறக்கிறான். கார்ட்ரைட் இருபது ஆண்டுகள் கழிந்தும் கிளப்பில் பிரிட்ஜ் ஆடுகிறான். சிரித்த முகம், நல்ல பெயர், மனைவி, மகள், எல்லாமே நிறைவாக இருக்கின்றன.

மாமின் கதை ‘காட்டில் காலடித் தடங்கள்’ என்ற பொருளில் தலைப்பிடப்பட்டது; 1933இல் வந்த ‘ஆ கிங்’ தொகுப்பில் இருக்கிறது. பிரான்சன் ஒரு ரப்பர் தோட்டத் துரை. பழைய நண்பன் கார்ட்ரைட் வேலையிழந்து நிற்கும்போது வீட்டில் இடம் கொடுக்கிறான். ஒருநாள், தொழிலாளர்களின் சம்பளப் பணத்தோடு சைக்கிளில் காட்டுவழியே திரும்பும்போது பிரான்சன் சுட்டுக் கொல்லப்படுகிறான். பணமும் கைக்கடிகாரமும் காணவில்லை. எல்லாரும் கொள்ளை என்று நம்புகிறார்கள். விதவை, கார்ட்ரைட்டை மணந்துகொள்கிறாள். காலம் கடந்து அந்தக் கடிகாரம் அடகுக்கு வருகிறது; தேடிப் போனால் பணம் காட்டிலேயே மக்கிக் கிடக்கிறது. கொள்ளை நடக்கவில்லை என்பது போலீஸ் அதிகாரி கேஸுக்குப் புரிகிறது. நீதிமன்றத்தில் நிற்கும் சான்று இல்லை என்பதும் புரிகிறது. அந்தத் தம்பதியோடு அதே மேசையில் அமர்ந்து சீட்டாடுபவரும் அவர்தான். பிடிபடும் பயம் நீங்கிவிட்டால் குற்றம் நெஞ்சில் அப்படியொன்றும் கனப்பதில்லை என்பது அவர் கருத்து.

மனித நெஞ்சைப் பற்றி மாம் வைத்திருந்த கசப்பான முடிவு இது என்று கதையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. கதையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்க வேண்டும். கொலைக்கு முகமூடியானது கூலிக்காரர்களின் சம்பளம். பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து, விடியுமுன் கித்தாக் காட்டுக்குள் போய்ப் பால் வெட்டியவர்களின் பணம் அது. அவர்களில் ஒருவர்கூட இந்தக் கதையில் துரை வீட்டுப் படியேறி ஒரு கேள்வி கேட்பதில்லை. கேட்கவும் முடியாது. லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவே கங்காணி, அவருக்கு மேல் கிராணி, அவருக்கும் மேல் துரை. மேலே போகும் வழியில் ஒவ்வொரு படியிலும் ஓர் ஆள் நின்று மறித்த காலம் அது. கார்ட்ரைட்டின் நிம்மதியை அவனுடைய மனம் மட்டும் உண்டாக்கவில்லை. அவனைக் கேட்கக்கூடியவர்கள் அனைவரும் அவனுடைய கிளப்பின் உறுப்பினர்கள்.

தோட்டத்து மனசாட்சியைத் துரைமார் பக்கத்திலிருந்து எழுதியவர் மாம் மட்டும் அல்ல. மலாயாவின் கோலா சிலாங்கூர் வட்டாரத்திலேயே அப்படி ஒருவர் இருந்தார். ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டு, 1917இல் தெனமாராம் தோட்டத்தில் வணிக நோக்கில் செம்பனையை முதன்முதலாக நட்ட ஹென்றி ஃபோகோனியேதான் அவர். அவர் எழுதிய ‘மலேசீ’ நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்த மண்ணில் காடழித்து மரம் நட்ட தமிழர்களில் எழுத வந்தவர்கள் அன்று அநேகமாக இல்லை. வெள்ளைத் தோட்டக்காரரின் உள்ளக் குமுறல் எப்படியிருக்கும் என்பதற்கு உலக இலக்கியத்தில் இடம் கிடைத்தது. பால் வெட்டிய ஒருத்தியின் உள்ளம் எதற்காகக் குமைந்தது என்பது தெரியவர இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாண்டியனிடம் வருவோம். அவனை இயல்பிலேயே நெஞ்சு இளகியவன் என்று நினைப்பது பிழை. கண்ணகியின் கணவன் கோவலனைப் பற்றிய தீர்ப்பை அவன் சொன்ன விதத்தைக் காப்பியம் எழுதிய இளங்கோ மறைக்கவில்லை. ஊடி எழுந்துபோன கோப்பெருந்தேவியைத் தணிக்க அந்தப்புரத்துக்கு விரைகிறான்; வழியில் பொற்கொல்லன் வந்து, அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் கிடைத்துவிட்டான் என்று சொல்கிறான்; நின்று கேட்க நேரமில்லை, சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு நடக்கிறான். விசாரணை இல்லை. சாட்சி இல்லை. எதிரியின் வாயிலிருந்து ஒரு சொல் கேட்கவில்லை. மனைவியைத் தேற்றப் போன அரசனுக்கு, ஓர் உயிர் போனதால் எந்த உறுத்தலும் வந்ததாகக் காப்பியம் சொல்லவில்லை. கண்ணகி எதிரில் வந்து நின்ற பிறகும்கூட, கள்வனைக் கொல்வது முறைதானே என்றே வாதாடுகிறான். எந்தக் காலத்து அதிகாரியும் சொல்லும் பதில்தான் இது.

ஆனாலும் அவன் இரண்டு காரியங்கள் செய்கிறான். வாயிலில் தலைவிரி கோலமாக ஒருத்தி நிற்கிறாள் என்று காவலன் அஞ்சி நடுங்கி வந்து சொல்லும்போது, அவளை உள்ளே விடச் சொல்கிறான். பிறகு, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொன்னதும், தங்கள் சிலம்பின் பரல் முத்து என்று மறைக்காமல் சொல்லி, கோவலனிடம் எடுத்த சிலம்பைக் கொண்டுவந்து அவள் முன் வைக்கச் செய்கிறான். தன்னைக் குற்றவாளியாக்கும் அளவுகோலைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தவன் அவன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, அதன்பின் பேசுவதற்கு எதுவும் இல்லை. கள்வன் தானே என்று சொல்லி விழுகிறான்.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அவனுடைய மனசாட்சி அவனுக்குள்ளிருந்து தானாகக் கிளம்பவில்லை. ஒற்றைச் சிலம்போடு தெருவில் நடந்து, அரண்மனை வாயிலுக்கு வந்து, கேள்வி கேட்டது. வாயில் சாத்தியிருந்தால் நெடுஞ்செழியனும் நல்ல அரசன் என்ற பெயரோடு நெடுநாள் வாழ்ந்திருப்பான். கார்ட்ரைட்டுக்கும் அவனுக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இனி பத்தாங் காலி. வட சிலாங்கூரில், உலு சிலாங்கூர் மாவட்டத்தில், சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டம். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய 1948ஆம் ஆண்டின் டிசம்பர் 11ஆம் தேதி பிரிட்டிஷ் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையின் ஓர் அணி அங்கே நுழைந்தது. ஆண்களைத் தனியே பிரித்தார்கள். மறுநாள் பெண்களையும் குழந்தைகளையும் லாரியில் ஏற்றினார்கள். ஆயுதமில்லாத சீனத் தொழிலாளர்கள், கிராமத்தினர் என மொத்தம் 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், குடிசைகள் எரிக்கப்பட்டன. தப்பி ஓடும்போது சுடப்பட்டார்கள் என்பது அரசு சொன்ன கதை. அன்றைய விசாரணை அதையே ஏற்றது. நம் லயங்களுக்கு வெகு தொலைவில் இல்லாத தோட்டம். அதே பால், அதே மங்கு, அதே காலைப் பனி.

இருபத்தோரு ஆண்டுகள் அந்த அணியில் யாரும் வெளியே வாய் திறக்கவில்லை. 1969 இறுதியில் வியட்நாமின் மை லாய் படுகொலைச் செய்தி உலகெங்கும் வெளிவந்தது. அதன்பின் அந்த அணியின் முன்னாள் வீரர்கள் சிலர் லண்டன் பத்திரிகையொன்றிடம் சத்தியப் பிரமாணத்தோடு உண்மையைச் சொன்னார்கள்: யாரும் ஓடவில்லை, சுடச் சொன்னார்கள், சுட்டோம். 1970 பிப்ரவரி 1ஆம் தேதி ‘தி பீப்பிள்’ அதை வெளியிட்டது. ஸ்காட்லாந்து யார்டு விசாரணை தொடங்கியது. அதே ஆண்டு ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது.

பாண்டியனைப் போல இவர்கள் அந்தக் கணமே உடைந்துவிடவில்லை. கார்ட்ரைட்டைப் போல நிம்மதியாக முதுமை எய்தவும் முடியவில்லை. அந்தத் தோட்டத்துப் பெண்கள் யாரும் அவர்கள் வீட்டு வாசலுக்கு வரவில்லை. வந்தது வேறொரு நாட்டில் நடந்த வேறொரு கொலையின் செய்தி. கேள்வி எந்த உருவத்தில் வந்தாலும் சிலருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. மனிதரைப் பற்றி மாமின் போலீஸ் அதிகாரி கேஸ் கண்ட முடிவு முழுமையானதல்ல என்பதற்கு எந்தக் கதையையும்விட இந்த வீரர்களின் வாக்குமூலமே எனக்குப் பெரிய சான்று.

தனி மனிதர்கள் திறந்த வாயிலை அரசு திறக்கவில்லை. இறந்தவர்களின் உறவினர்கள் முதிய வயதில் லண்டன் வரை வழக்கை நடத்தினார்கள். 2012இல் உயர் நீதிமன்றம், திட்டமிட்ட கொலை என்று சொல்லச் சான்று உண்டு என ஒப்புக்கொண்டது. ஆனாலும் பொது விசாரணைக்கு உத்தரவிடவில்லை. 2015 நவம்பர் 25ஆம் தேதி பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஐந்து நீதிபதிகளில் லேடி ஹேல் மட்டுமே மாறுபட்டார்.

பாண்டியனைப் புகழும் நம் மேடைகள் விட்டுவிடும் ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். அவன் இறந்த பிறகு பட்டத்துக்கு வந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களை ஒரே பகலில் பலியிட்டதாகச் சிலப்பதிகாரமே சொல்கிறது. பிழை செய்த பொற்கொல்லன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். நெடுஞ்செழியனின் மனசாட்சி அவனோடு முடிந்துவிட்டது, அரியணைக்கு அது வாரிசாகப் போகவில்லை. சுங்கை ரெமோக்கில் துப்பாக்கி நீட்டியவர்களின் கணக்கும் அந்த இளைய பாண்டியனின் கணக்கும் ஒன்றே: ஒரு கூட்டத்தில் யாரோ குற்றவாளி என்றால் கூட்டமே குற்றவாளி. அந்த ஆயிரம் பேரின் மனைவியரில் ஒருத்தியாவது அவன் வாயிலில் வந்து நின்றாளா என்பதைக் காப்பியம் சொல்லவில்லை.